பெயர் வேறு, வேலை ஒன்று: கூலி மட்டும் ஏன் குறையணும்?



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டம் வள்ளூரில் நடந்தது. சேமிப்பு, தவணை பாக்கி, வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்து டீ குடிக்கும்போது ஒரு சகோதரி எழுந்தார். நம்ம பகுதியில் ஒரு இடத்தில் காண்டிராக்டில் துப்புரவு வேலைக்குப் போகிறவர். அவருடைய ஓரகத்தி மகனும் அங்கேதான் வேலை செய்கிறான். ஓரகத்தியின் கடன் விண்ணப்பத்தோடு வைக்க அந்தப் பையனின் பாஸ்புக்கை நகல் எடுத்தபோதுதான் இவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"அதே துடைப்பம், அதே தள்ளுவண்டி, அதே ஷிப்ட். நான் ஆறு வருசமா போறேன். அவன் போன பொங்கலுக்கு அப்புறம் சேர்ந்தவன். கணக்குப் பார்த்தா அவனுக்கு நாளுக்கு 80 ரூபா கூட வருது. சூப்பர்வைசரைக் கேட்டேன். நீங்க ஹவுஸ்கீப்பிங், அவன் ஹெல்பர், பேரே வேற இல்லையாம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் இருந்து இன்னொரு சகோதரி: "எங்க இடத்துல எல்லாருமே பொம்பளைங்கதான். ஆனா ஓவர்டைம், லேசான வேலை, ஞாயித்துக்கிழமை லீவு எல்லாம் சூப்பர்வைசருக்கு வேண்டியவங்களுக்குத்தான். நாங்க வாயைத் திறந்தா அடுத்த நாள் வெயில்ல நிக்கணும். அதுக்கு என்ன பண்றது?"

கூட்டம் முடிய இருட்டிவிட்டது. ஒரு கேள்விக்கும் அன்றைக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. அதனால் விசாரித்து, படித்து, இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் அந்த 80 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் 2,080 ரூபாய். வருடத்துக்கு 24,960 ரூபாய். நம்மில் எத்தனை பேர் இதைவிடக் குறைந்த தொகைக்கு உள்கடன் வாங்கி, வட்டி கட்டி, தவணை தவறினால் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கிறோம்! கடன் கேட்டு நிற்கும் அதே பணம் நம் கூலியிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது.

பெயரில் இருக்கிற தந்திரம்

கட்டட வேலை பார்த்த சகோதரிகளுக்கு இது புதிதல்ல. ஆண் போனால் 'பெரியாள்', பெண் போனால் 'சித்தாள்'. பெயரிலேயே ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. கூலியும் அப்படியே. பெரியாள் 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தூக்கி மாடி ஏற்றுகிறார், சித்தாள் ஏற்றவில்லை என்றால் வித்தியாசம் இருக்கட்டும், அதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே கலவைச் சட்டியைத்தான் சுமக்கிறார்கள் என்றால்? அப்போது கூலி வேலைக்கா, பெயருக்கா?

எண்ணூர், அத்திப்பட்டு, திருவொற்றியூர் பக்கம் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் வந்த பிறகு நாம் பார்க்கும் வேலைகளுக்குப் புதுப் பெயர்கள் வந்துவிட்டன. ஹெல்பர், ஹவுஸ்கீப்பிங், பேக்கிங், செக்கிங், லோடிங். பெயர் இங்கிலீஷில் இருப்பதால் நாமும் ஏதோ விதிமுறை இருக்கும் போல என்று நம்பிவிடுகிறோம். இந்தத் தந்திரத்தை ஒரு பெண் நீதிமன்றம் வரை கொண்டுபோய் உடைத்திருக்கிறார். அந்த வழக்கைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஆட்ரி டி'கோஸ்டா வழக்கு

பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்ஸி என்று ஒரு பெரிய கப்பல் கம்பெனி. அதில் ஆட்ரி டி'கோஸ்டா ஸ்டெனோகிராபராக இருந்தார். அதிகாரி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடித்துத் தருகிற வேலை. அதே வேலையை ஆண்களும் செய்தார்கள். ஆனால் பெண்களுக்குக் கம்பெனி கொடுத்த பதவிப் பெயர் வேறு: 'கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்'. கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! சம்பளம் மட்டும் ஆண் ஸ்டெனோகிராபரைவிடக் குறைவு.

1977 ஜூன் மாதம் அவருடைய வேலை போனது. அதன் பிறகு அவர், தான் வேலையில் இருந்த காலத்துக்கான சம்பள வித்தியாசத்தைக் கேட்டு மனுப் போட்டார். அப்போது சம ஊதியச் சட்டம் புதிது. சர்வதேசப் பெண்கள் ஆண்டான 1975ல் அவசரச் சட்டமாக வந்து, 1976ல் முழுச் சட்டமானது.

முதலில் விசாரித்த அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பேர் வேலையும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் 1975ல் கம்பெனியும் தொழிற்சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தச் சம்பளம் எழுதப்பட்டிருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார். நம்மில் பலர் அத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்போம். அவர் மேல்முறையீடு செய்தார், ஜெயித்தார். கம்பெனி உயர் நீதிமன்றம் போனது, தோற்றது. உச்ச நீதிமன்றம் போனது. 1987 மார்ச் மாதம் அங்கேயும் தோற்றது.

கம்பெனி சொன்ன சாக்குகளும் கோர்ட் சொன்ன பதில்களும்தான் நமக்கு உதவுகிற பாடம். இந்தப் பதவியில் ஆண்களே இல்லை, அப்புறம் எப்படிப் பாரபட்சம் என்று கம்பெனி கேட்டது. அந்த இடத்தில் பெண்களை மட்டும் வைத்தது நிர்வாகம்தானே, அதையே காரணமாகக் காட்டக் கூடாது என்றது கோர்ட். சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்றார்கள். சட்டத்துக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது. கம்பெனிக்குப் பண நெருக்கடி என்றார்கள். பணம் இல்லை என்பதற்காகப் பெண்ணுக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. இரண்டு வேலையும் ஒன்றா என்று பார்க்கும்போது, நடைமுறையில் அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும், சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பெரிதாக்கக் கூடாது என்று கோர்ட் சொன்னது. 'ஹெல்பர் நினைத்தால் மூட்டை தூக்குவான்' என்று சூப்பர்வைசர் சொன்னால், அவன் தூக்கினானா, எத்தனை நாள் தூக்கினான் என்று கேட்க வேண்டும்.

அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 7,200 ரூபாய். பத்து வருட வழக்குக்கு இதுவா என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த பெண்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பேசினார்கள், இன்றைக்கு நாமும் காட்டுகிறோம்.

இந்தத் தந்திரம் நம் நாட்டில் மட்டும் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். லண்டனுக்குப் பக்கத்தில் டேகன்ஹாம் என்ற ஊரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை. 1968 ஜூன் மாதம் அங்கே கார் சீட்டுக்கு உறை தைக்கும் 187 பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களை 'பி' கிரேடு, அதாவது அதிகத் திறமை தேவையில்லாத வேலை என்று போட்டிருந்தார்கள். அந்தக் கிரேடிலும் ஆணுக்குத் தருவதில் 85 சதவீதம்தான். தையல் தெரிந்த நம் சகோதரிகளைக் கேளுங்கள், சீட் உறை தைப்பது திறமையில்லாத வேலையா என்று! சீட் இல்லாமல் கார் வெளியே போக முடியுமா? தொழிற்சாலையே நின்றது. மூன்று வாரத்தில் ஆண் கூலியில் 92 சதவீதம் கிடைத்தது, 1970ல் அந்த நாட்டில் சம ஊதியச் சட்டமும் வந்தது. ஆனால் 'சி' கிரேடு என்ற அந்தப் பெயர் கிடைக்க 1984ல் மறுபடி ஒரு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பணத்தைவிடப் பெயரை மாற்றத்தான் அதிக நாள் ஆகியிருக்கிறது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

1976ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தனியாக இல்லை. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 என்ற சட்டத்துக்குள் அது சேர்ந்துவிட்டது. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 'அந்தச் சட்டம்தான் போயிடுச்சே' என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்.

இதன் 3ஆம் பிரிவுப்படி, ஒரே முதலாளியிடம் ஒரே வேலை அல்லது ஒரே மாதிரியான வேலை செய்பவர்களுக்கு ஆண், பெண் என்று பார்த்துக் கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போதும் காட்டக் கூடாது. 'ஒரே மாதிரி' என்றால் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இவை சமமாக இருக்க வேண்டும். காண்டிராக்டரும் சட்டப்படி முதலாளிதான்.

நம் சகோதரிக்கு இருந்த பெரிய பயம் வேறு. "நான் கேட்டா பையன் சம்பளத்தைக் குறைச்சிடுவாங்களோ? ஓரகத்தி முகத்துல எப்படி முழிப்பேன்?" சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. சமமாக்குவதற்காக யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது. குறைந்ததைத்தான் உயர்த்த வேண்டும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 'ஒரே முதலாளி' என்ற வார்த்தை முக்கியம். பையன் ஒரு காண்டிராக்டரிடம், நீங்கள் வேறு காண்டிராக்டரிடம் என்றால் வழக்கு எளிதல்ல. அதனால் முதலில் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சம்பளச் சீட்டே தருவதில்லையா? ஒவ்வொரு தொழிலாளிக்கும் சீட்டு தரவேண்டும் என்று அதே தொகுப்பு சொல்கிறது. அதைக் கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.

சூப்பர்வைசருக்கு வேண்டியவர்கள்

இரண்டாவது சகோதரியின் கேள்வி இதைவிடச் சிக்கலானது. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் நடுவே சூப்பர்வைசர் காட்டும் பாரபட்சத்துக்குச் சம ஊதியப் பிரிவு நேராக உதவாது. அது ஆண், பெண் வித்தியாசத்துக்கு மட்டும்தான்.

ஆனால் இந்தப் பாரபட்சம் பணமாக மாறும் இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டர் என்ற பெண் குட்இயர் டயர் கம்பெனியில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தார், பெரும்பாலும் மேற்பார்வையாளராக. மேலதிகாரி போடும் மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் சம்பள உயர்வு. வருடா வருடம் அவருக்குக் குறைத்தே போட்டார்கள். சம்பளத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்பது கம்பெனி வழக்கம். கடைசியில் யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டை அவர் பெட்டியில் போட்டார்கள். அவருக்கு மாதம் 3,727 டாலர், அதே வேலை பார்த்த ஆண்களில் மிகக் குறைந்தவருக்கே 4,286 டாலர்! வழக்குப் போட்டார். ஆனால் புகார் கொடுக்க வேண்டிய 180 நாள் கெடு தாண்டிவிட்டது என்று 2007ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது? அந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2009 ஜனவரியில் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. 2024ல் காலமானார்.

நம் நாட்டில் இந்தத் தொகுப்பின்படி ஊதியக் கோரிக்கைக்கு மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு நடந்தது நமக்கும் நடக்கும், ஏனென்றால் நாமும் கூலியை வெளியே சொல்வதில்லை. 'அவளுக்கு எவ்வளவுன்னு எனக்கு எதுக்கு' என்று இருக்கிறோம். சிலருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று சூப்பர்வைசர் சொல்வதும் இதற்காகத்தான்.

ஓவர்டைம் விஷயத்துக்கு வருவோம். யாருக்குக் கொடுப்பது என்பது அவர் கையில் இருக்கலாம். ஆனால் கொடுத்தால் இரண்டு மடங்கு கூலி தரவேண்டும் என்பது சட்டம். யாருக்கு என்பதற்குச் சுழற்சி முறை கேளுங்கள். நம் குழுவில் ஊக்குநர், பிரதிநிதி பொறுப்புகளைச் சுழற்சியில் மாற்றுகிறோம் அல்லவா? அதே மாதிரி யாருக்கு எந்த வாரம் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லலாம். எழுதி ஒட்டிவிட்டால் 'வேண்டியவர்' என்ற பேச்சுக்கு இடம் குறையும்.

இந்த இடத்தில் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். குழுவில் கடன் வரும்போது சொந்தக்காரிக்கு முதலில், சமையல் ஆர்டர் வந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கு முதலில் என்று நாமே செய்ததில்லையா? எங்கள் கூட்டமைப்பிலும் அது நடந்திருக்கிறது. தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். அதனால் சூப்பர்வைசருக்கு வேண்டியவளாக இருக்கிற பெண்ணை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

சில நேரம் அவள் நிலைமை நம்மைவிட மோசமாக இருக்கும். 'ஷிப்ட் மாத்தித் தரேன், ஓவர்டைம் போடுறேன்' என்று சொல்லி அதற்குப் பதிலாகத் தப்பான எண்ணத்தோடு நெருங்கினால், அது பாலியல் துன்புறுத்தல். அப்படிச் சலுகை காட்டுவதாக ஆசை காட்டுவதும், மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்று மிரட்டுவதும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அது இல்லாத சின்ன இடம் என்றாலும், முதலாளி மேலேயே புகார் என்றாலும் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்படிக் கேட்பது?

"கேட்டா நாளைக்குக் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க." இதைச் சொன்னது ஒருவர் இல்லை, ஏழெட்டுப் பேர். பயம் நியாயமானது. தைரியமாக இருங்கள் என்று பத்திரிகையில் எழுதிவிட்டுப் போவது சுலபம், வேலை போனால் அடுப்பு எரிக்க வேண்டியது நீங்கள்தான். அதனால் தனியாகக் கேட்க வேண்டாம் என்பதே எங்கள் முதல் யோசனை. பல தொழிலாளர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்று தொகுப்பிலேயே இருக்கிறது. பத்துக் கையெழுத்து இருக்கும்போது யாரை வெளியே நிறுத்துவார்கள்?

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்கள் கம்பெனியிடம் சலுகை வாங்குகிறார்கள் என்று சொல்லி அவர்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து அந்த 20 சதவீதம் வந்தது. தினக்கூலியை 500 ரூபாய் ஆக்கவேண்டும் என்ற கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. நாங்கள் உங்களை ரோட்டில் உட்காரச் சொல்லவில்லை. சேர்ந்து போனவர்களின் பேச்சு எடுபட்டது என்பதற்காகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். குழுக் கணக்கு எழுதும் நமக்கு நோட்டு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி, என்ன வேலை செய்தேன், எத்தனை மணி நேரம், பக்கத்தில் அதே வேலை செய்த ஆண் யார், கையில் வந்த பணம் எவ்வளவு. பதவிப் பெயரை எழுதாதீர்கள், செய்த வேலையை எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும், பேச வேண்டியதை நோட்டே பேசும். பாஸ்புக், கேட் பாஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது, ஆனாலும் நம் கையில் ஆதாரம் இருந்தால் தெம்பு.

பிறகு காண்டிராக்டருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வேலை நடக்கும் கம்பெனிக்கு. காண்டிராக்டர் தரவேண்டியதைத் தராவிட்டால் அந்தக் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. பதில் வரவில்லை என்றால் தொழிலாளர் துறை. துறைமுகம் போல மத்திய அரசு சார்ந்த இடம் என்றால் சென்னையில் உள்ள மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம், மற்ற இடங்களுக்கு மாநிலத் தொழிலாளர் துறை. எது என்று குழப்பம் இருந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். குறைத்துக் கொடுத்தது நிரூபணமானால் முதலாளிக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

குழுவோ கூட்டமைப்போ உங்கள் சார்பில் இந்த மனுவைப் போட முடியாது. தொழிலாளியும், அவர் உறுப்பினராக இருக்கும் பதிவு பெற்ற தொழிற்சங்கமும், துறை ஆய்வாளரும்தான் போடலாம். ஆனால் எழுதித் தரலாம், கூட வரலாம், பஸ் செலவுக்குக் குழுவில் தீர்மானம் போடலாம். நம் சகோதரியின் வேலையிடத்தில் இதுவரை ஐந்து பேர் கையெழுத்துக்குத் தயார். இன்னும் நாலு பேரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதிய கடித மாதிரியை இங்கே தருகிறோம். தேவைப்படுகிறவர்கள் விவரத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

பெறுநர்: (காண்டிராக்டர் பெயர், முகவரி)

ஐயா / அம்மா,

கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் ............ இடத்தில் தங்களிடம் வேலை செய்து வருகிறோம். தினமும் ............, ............ ஆகிய வேலைகளை ............ மணி முதல் ............ மணி வரை செய்கிறோம். இதே வேலைகளை இதே நேரத்தில் எங்களோடு செய்யும் ஆண் தொழிலாளர்களுக்கு நாள் ஒன்றுக்கு ............ ரூபாயும் எங்களுக்கு ............ ரூபாயும் வழங்கப்படுகிறது. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019, பிரிவு 3ன்படி எங்களுக்கும் அதே ஊதியத்தையும், ............ தேதி முதல் உள்ள வித்தியாசத் தொகையையும் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மாதாமாதம் சம்பளச் சீட்டும் வழங்கக் கோருகிறோம். தங்கள் பதிலை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இடம்:
தேதி:
கையெழுத்துகள்: 1. ............ 2. ............ 3. ............

நகல்: வேலை நடக்கும் நிறுவனத்தின் பணியாளர் அலுவலருக்கு. (பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கவும். வாங்க மறுத்தால் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பவும்.)